மூன்றாவது நூல்

"எத்தினையாவது நூல் ஆடாம நிக்குது?" காருக்குள் இருந்தபடி பாயிஸ் கேட்டார்.

பொனட் உயர்ந்து நின்று அவருடைய கண்ணை மறைத்தது. அவர் காலால் எஞ்சினுக்கு வேகம் கொடுக்க வேண்டும். பார்த்துச் சொல்வது அவருடைய மனைவி ஜெனூபாவின் வேலை.

தங்களுடைய பழைய காருக்கு அவர் வேறொரு காரின் எஞ்சினை ஏற்றியிருந்தார். காற்றுப் போகும் குழாயைக்கூடப் புதிதாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. அலுமினியத்தில் வளைத்து எடுத்தாயிற்று. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று எஞ்சினுக்குச் சொல்லும் சென்சரை அதில் எங்கே வைப்பது என்பது மட்டும்தான் மிச்சம். காற்று சுழலாமல் நேராக ஓடும் இடமாக இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் சென்சர் பொய் சொல்லும்.

காற்றைக் கண்ணால் காண நெசவு வீட்டுக்காரருக்கு நூலை விட்டால் வேறு என்ன இருக்கிறது. அதே அளவில் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயொன்றைத் தற்காலிகமாகப் பூட்டியிருந்தார். அதற்குள் ஜெனூபாவின் தறியிலிருந்து எடுத்த சிவப்பு நூலில் விரல் நீளத்துக்கு ஏழு துண்டுகள், வரிசையாக ஒட்டியிருந்தன.

குழாய் அவளுக்கு முன்னால் குறுக்கே கிடந்தது. இடப்பக்கம் காற்று நுழையும் வடிகட்டியும் வளைவும். வலப்பக்கம் எஞ்சின்.

நூல்கள் துடித்தன. சில சுருண்டு சுருண்டு அவிழ்ந்தன. ஒன்று மட்டும் கோடு கீறினாற்போல் கிடந்தது.

"மூண்டாவது."

"வடிவாப் பாத்தியா புள்ள?"

"ஆயிரம் இழைக்குள்ள அறுந்த இழையப் புடிக்கிற கண் இது. உங்கட ஏழு நூலையும் எண்ண மாட்டனா?"

"நூல்காரிட கண்ணுல ஆரு குறை சொன்ன."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் குசினிக்குள் நுழையும்போது, "வளைவுக்கு இவ்வளவு கிட்டவா? புதினமாத்தான் கிடக்கு" என்று அவர் தனக்குத்தானே சொல்வது காதில் விழுந்தது.

அவள் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

சற்றைக்கெல்லாம் ட்ரில் மெஷின் சத்தம் கேட்டது.

ளுஹர் தொழுகைக்குப் பிறகு எல்லாவற்றையும் பூட்டி எஞ்சினை இயக்கினார். அது ஏறுவதும் இறங்குவதுமாக, மேடேறி வந்தவனைப்போல மூச்சு வாங்கியது. குழாயின் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"மூட்டுக் கிளிப்பால காத்து இழுக்குது போல. கல்முனைக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு அஸருக்குள்ள வாறன்."

பாண்டிருப்பில் ஒரு லொறி அவருடைய மோட்டார் சைக்கிளை அடித்தது. மறுநாள் அடக்கினார்கள்.

ஆசுபத்திரியில் கொடுத்த பையில் தொப்பியும் மோட்டார் சைக்கிள் திறப்பும் இருந்தன. கூடவே அட்டையில் குத்தியபடி இரண்டு புதுக் கிளிப்புகள்.

கணவன் இறந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். ஓர் அறைக்குள் இருந்துகொண்டு ஜெனூபா ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள். கிளிப் பழுதாக இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் அவர் போனது போகத்தான் வேண்டிய பயணம். அதற்குமேல் அல்லாஹ்வின் நாட்டம். அந்த ஒன்று போதும் அவளுக்கு.

மூன்றாம் மாதம் கேதீஸ்வரன் வந்தார். பாண்டிருப்பில் கராஜ் வைத்திருப்பவர். பாயிஸோடு ஒன்றாக வேலை பழகியவர். கூட்டாளி விட்டுப்போன காரை ஓட வைத்துத் தருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

ஜெனூபா வாசல் திரைக்குப் பின்னால் இருந்தாள். புதுக் கிளிப்புகளை முன்னமே படியில் வைத்திருந்தாள்.

எஞ்சின் சத்தம் எழுந்தது, நின்றது, மறுபடி எழுந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு அவர் படியடிக்கு வந்தார்.

"தங்கச்சி, இந்தக் கிளிப் தேவைப்படாது. பழசுல ஒரு பிழையும் இல்ல."

அவள் திரையோரம் நகர்ந்து வந்தாள்.

"சென்சர் இருக்கிற இடம்தான் பிழை. அவன்ட நூல் குழாயப் பூட்டி, போன வெச்சு வீடியோ எடுத்துப் பாத்தன். வடிகட்டிப் பக்கமிருந்து மூண்டாவது நூலடியில ஓட்டை போட்டிருக்கான். அந்த நூல் பம்பரம் மாதிரிச் சுத்துது. அஞ்சாவதுதான் அசையாமக் கிடக்கு." காரைத் திரும்பிப் பார்த்தார். "வளைவுக்குக் கிட்ட வைக்காத எண்டு எனக்குச் சொல்லித் தந்தவனே அவன்தான். என்ன நினைச்சுச் செஞ்சானோ."

திரைக்குப் பின்னால் ஜெனூபாவின் விரல் நூல்களை எண்ணத் தானாக எழும்பியது.

காற்று நுழையும் பக்கத்திலிருந்து எண்ணுவது எஞ்சின் வேலைக்காரர்களுடைய வழக்கம். தறியில் இருப்பவள் வலப்பக்கக் கரையிலிருந்து எண்ணுவாள். ஏழு நூல். வலமிருந்து மூன்றாவதுதான் இடமிருந்து ஐந்தாவது. அவள் சரியான நூலைத்தான் கண்டாள். எந்தப் பக்கமிருந்து என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கேதீஸ்வரன் பழைய ஓட்டையை அடைத்து, ஐந்தாவது நூல் கிடந்த இடத்தில் புதிதாகத் துளைத்துச் சென்சரை வைத்தார். எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

"கேக்குதா தங்கச்சி?"

"ஓம் அண்ணன்."

அதைவிட வேறெதுவும் அவள் அவரிடம் சொல்லவில்லை. பிறகும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இத்தா முடிந்து தறிக்கு வந்த முதல் கிழமையே பாவில் ஓர் இழை அறுந்தது. இடப்பக்கமிருந்து எண்ணிப் பார்த்தாள். இருபதைத் தாண்டுமுன் கணக்குத் தப்பியது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் தப்பியது.

இழை அறுந்தால் இன்றும் அவள் வலப்பக்கமிருந்துதான் எண்ணுகிறாள்.