மூன்று பிளேட்டும் ஒரு நாரையும்

மூக்குப்பொடி போடாமல் ஆவுடையப்பனுக்குக் கை ஓடாது. கேமரா மூடியைக் கழற்றிய கையோடு ஒரு சிட்டிகை இழுத்தார். போட்ட தும்மலில் வல்லத்திராக்கோட்டைக் கண்மாயே அதிர்ந்தது. தண்ணீரில் நின்ற பெரிய நாரை பறந்துவிட்டது. படம் பதியும் முதல் கண்ணாடி பிளேட் பாழ்.

யுத்த காலத் தட்டுப்பாடு, கைவசம் இருந்தது இன்னும் இரண்டே பிளேட். மதராஸ் கண்காட்சிக்கு, ஆயுளில் ஒரு தடவையாவது, உயிரோட்டமான படம் ஒன்று அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

அரை மணியில் நாரை திரும்பி வந்து ஒற்றைக் காலில் நின்றது. ஆடாமல் இருப்பதில் அவர் வழக்கமாகப் படம் பிடிக்கும் ஆட்களுக்கு அது கொஞ்சமும் சளைத்ததில்லை. அவர் மூடியைக் கழற்றியதும், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூக்காயி தொண்டை கிழிய இருமினாள். நாரை போயிற்று, பிளேட்டும் போயிற்று.

"மன்னிச்சுக்கங்கய்யா, தொண்டையில தூசி" என்று பாவமாகச் சொல்லி, தன் கூழையே அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

மூன்றாவது தடவை அவள் இருமவில்லை. நாரைப் பக்கமாகக் கல்லையே விட்டெறிந்தாள்.

ஆவுடையப்பன் சேற்றில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "தாயி, ஒனக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன்? நெசத்தைச் சொல்லிரு!"

மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ஊருக்கு நாலு தடவை இந்தப் பொட்டியோட வந்தீங்க. எங்க மாமனாரையும் நாக்காலியில சாத்தி, மாலையப் போட்டுப் படம் புடிச்சீங்க. நீங்க புடிச்ச நாலு பேரையும் அன்னைக்கே சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனோம். இந்த நாரை குஞ்சு பொரிச்சு ஒம்பது நாளுதான்யா ஆகுது."