ஊதிக்கிட்டே இரு

காதில் இயர்போனைச் செருகியதும் சண்முகசுந்தரத்தின் முகம் மலர்ந்துவிட்டது. குன்னூர் ஆபீசில் மதியச் சாப்பாடு முடிந்து ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் அவர் செய்கிற வேலை அதுதான்.

"ஊட்டுல மேடமுங்களா சார்?" என்றான் பக்கத்து மேசை ஸ்ரீஹரி. "கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆச்சு. இன்னும் போனை வெக்க மனசு வரல உங்களுக்கு."

சண்முகசுந்தரம் சிரித்துக்கொண்டார். இவரை உதாரணம் காட்டி, ஆபீஸ் பெண்கள் தங்கள் வீட்டில் சண்டை போட்டதாகக்கூடக் கேள்வி.

"நீயும் கேளு" என்று ஒரு பக்க இயர்போனை எடுத்து நீட்டினார்.

மவுத் ஆர்கன். ஒரு சுரம் நேராக எழும்பி, பாதியில் வளைந்து, விம்மிக்கொண்டே கீழே இறங்கியது. பின்னணியில் தகரக் கூரையை மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஊட்டியில, உங்க காந்தல் பக்கம் மழைங்களா சார்? இங்க வெயில் மண்டையப் பொளக்குது."

"இதென்ன புதுசா? குன்னூர்ல காஞ்சா ஊட்டியில பேயும். அதுக்குத்தான் கொடைய விடறதே இல்ல."

"அது சரிங்க சார். இது என்ன பாட்டு?"

"ப்ளூஸாம். எவனோ வெள்ளக்காரன் யூடியூப்ல சும்மாவே சொல்லித் தர்றான். ஊதறதவிட மூச்ச உள்ள இழுக்கறதுதான் அதிகமாம். ஆறு மாசமாக் கத்துக்கறா."

"அமெரிக்காவுல அடிமையாக் கெடந்த கறுப்பு சனங்க கிட்டயிருந்து வந்ததுங்க சார் அது. அதான் இந்த அழுகை அழுவுது."

"இவளுக்கு என்ன கேடு? ராணி மாதிரி இருக்கா."

ராணிதான். வாசலைத் தாண்ட மட்டும் ராணிக்கு அனுமதி கிடையாது. கதவைப் பூட்டிவிட்டுப் போனால் அக்கம்பக்கம் பேசும் என்பதால் சண்முகசுந்தரம் கண்டுபிடித்த பூட்டு, போன். காலை ஒன்பதரைக்கு அவர் கூப்பிட்டால், சாயங்காலம் அவர் வீடு திரும்பும் வரை அந்த அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. மனைவி ரேணுகா தன் பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட வேண்டும்.

குக்கர் விசில், துடைப்பம், பாத்திரம் உருளுவது எல்லாம் அவர் காதுக்கு வந்தாக வேண்டும். மூன்று நிமிடம் சத்தம் இல்லையென்றால் "எங்க போன?" என்பார். பால்காரரிடம் இரண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டால் போச்சு, இரண்டு நாளைக்கு விசாரணை நடக்கும். மூன்று வருஷமாக இப்படி. கல்லாக இருந்தாலும் மூச்சு முட்டிப்போகும்.

அதனால்தான் அவள் மவுத் ஆர்கன் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. பாடம் பார்க்க, வீடியோக்களை இறக்கிப் போட்டு, சிம் இல்லாத தன் பழைய போனையும் கொடுத்தார். வாயில் அது இருந்தால் யாரோடும் பேச்சு இருக்காது. சத்தம் வந்தால் ஆள் வீட்டில் இருக்கிறாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"நான் கூப்பிட்டாக்கூட நிறுத்திப் பதில் சொல்ல வேண்டாம். ஊதிக்கிட்டே இரு" என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

முதல் மாதம் இரண்டாவது துளையில் இழுத்தால் சத்தமே வரவில்லை. வாத்தியம் பழுது என்று ரேணுகா அழுதாள். பழுது வாத்தியத்தில் இல்லை, தொண்டையை இறுக்கிக்கொண்டு இழுப்பதில்தான் என்றான் வீடியோக்காரன். இருபது நாள் அதையே செய்துசெய்து சுரத்தை வளைக்கக் கற்றுக்கொண்டாள்.

இன்றைக்கும் ஒரு மணிக்கு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க. இனிப் பாடந்தானுங்க" என்றாள். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

அதிலிருந்து நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்கு அவர் பஸ் ஏறியபோதும் வந்தது, எல்லநள்ளி தாண்டும்போதும் வந்தது. காலால் தாளம் தட்டுவதுகூட இன்று பிசகாமல் விழுகிறதே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. நாம் கொடுத்த இடம்தானே என்று நினைத்துக்கொண்டார்.

காந்தலில் இறங்கும்போதே குடையை விரிக்கப் போனார். ரோடு காய்ந்து கிடந்தது. இப்போதுதான் நின்றிருக்கும் என்று நடந்தார். ஆனால் காதுக்குள் மழை கொட்டிக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு அங்கம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மழை எப்ப நின்னுது?" என்றார்.

"மழைங்களா? திங்கக்கெழமைக்கு அப்புறம் ஒரு பொட்டு இல்லீங்களே" என்றாள் அங்கம்மா, அவரையும் குடையையும் ஒரு மாதிரியாகப் பார்த்தபடி.

சண்முகசுந்தரம் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். சாயங்கால வெயிலில் தகரம் பளபளத்தது. "ரேணுகா" என்றார் போனில். மவுத் ஆர்கன் நிற்கவில்லை. "ஏய், ரேணுகா!" என்று கத்தினார். பதில் சொல்ல வேண்டாம் என்று உத்தரவு போட்டவர் அவர்தானே.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மேசைமேல் பட்டன் போனும் பழைய போனும் முகத்தோடு முகம் வைத்துக் கிடந்தன. வேறு யாரும் இல்லை.

பழைய போனில் மவுத் ஆர்கன் நின்றது. நீளமாக ஒரு மூச்சு இழுபட்டது. பிறகு அவர் எதுவும் கேட்காமலே ரேணுகா பேசினாள்:

"நீங்க இதக் கேக்கறப்ப நான் மலை எறங்கியிருப்பேனுங்க."