பல்லடம் பற்றி யாரும் பேசவில்லை

துளசிமணி தடுக்கக் கையை நீட்டுவதற்குள் மேனேஜர் சுகவனம் அவளுடைய நோட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டார். பனியன் கம்பெனி மேனேஜர்கள் வருங்காலத்துக்குத் திட்டம் போடும்போது உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று உடனிருந்து பார்த்து எழுதுவதுதான் கல்லூரியில் கொடுத்த வேலை. காலையிலிருந்து ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். பத்தே காலுக்கு டீ. பத்தரைக்கு ஏசி சரியில்லை என்ற பேச்சு. பதினொன்றுக்கு மேனேஜர்கள் மூவரும் போன் பார்த்தார்கள். மாலை நாலாகியும் திட்டம் எழுத வேண்டிய பலகையில் ஒரு எழுத்து இல்லை. ஐந்து மணிக்கு அதைப் பார்க்க முதலாளி வந்துவிடுவார்.

"நாம பேசுனது நமக்கே ஞாபகமில்லீங்க. இந்தப் புள்ள எழுதி வெச்சிருக்குது பாருங்க," என்று சிரித்த சுகவனத்தின் விரல் ஒரு வரியில் நின்றது. 'பல்லடம் யூனிட் பற்றி யாரும் பேசவில்லை.' கம்பெனியின் அந்தக் கிளையில்தான் அவளுடைய அம்மா தைக்கிறாள். அதனால்தான் அந்த வரியையே எழுதினாள்.

"நாள் பூரா ஒருத்தருக்கும் நெனப்பு வரலீன்னா, அந்த யூனிட்டு எதுக்குங்க நமக்கு? மூடிரலாங்க."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். சுகவனம் பலகையில் பல்லடம் என்று எழுதி, அதன் குறுக்கே நிதானமாக ஒரு கோடு இழுத்தார்.

"சார், அது சும்மா எழுதினதுங்க."

"நல்லாத்தான் எழுதியிருக்கற கண்ணு," என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்கண்ணு, அந்தப் பெரிய ஆளுங்கெல்லாம் நாள் பூரா அங்க என்னதான் பண்றாங்க?"