பிரேக் பிடிக்கிற இடம்

"டேய் ஏவால்ட், என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. அவனை எங்க பிரேக் பிடிக்கச் சொன்ன?"

கேட்டவன் மெக்கானிக் மாத்தெஸ். கையில் ஸ்பேனர் இருப்பதையே மறந்துவிட்டிருந்தான்.

ஏவால்ட் தூறலில் நனைந்தபடி பந்தயப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான். புதிதாக வந்த ஓட்டுநர் டெட்லெஃப் வண்டியோடு ஜெர்மனியின் ஐஃபெல் காட்டுப் பாதைக்குள் போனவன், இந்நேரம் ஒரு சுற்று முடித்து வந்திருக்க வேண்டும். இன்ஜின் சத்தம்கூட இல்லை. ஆம்புலன்ஸ் மட்டும் தேடிக்கொண்டு போயிருந்தது.

"இந்த வருஷம் டீம்ல ஒரே இடம்தான். ஒண்ணு நீ, இல்ல அவன். யாரு வேகமோ அவனுக்குத்தான்னு முதலாளி சொல்லிட்டாரு. கிளம்புறதுக்கு முன்னாடி நீ அவன் காதுல என்னமோ ஓதினதை நான் பாத்தேன்டா."

"கேட்டான். சொன்னேன்."

"என்னத்தைச் சொன்ன? அந்த இடத்தைப் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்ல மாட்டீங்களேடா!"

உண்மைதான். எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது என்பது அவரவர் பிழைப்பு. கேட்டவனுக்குப் பொய்தான் கிடைக்கும். அதில் யாருக்கும் கோபமில்லை. சாயங்காலம் பீரோடு சேர்த்துச் சிரித்துவிடுவார்கள். போன வருடம் ஏவால்ட்டின் பொய்யை நம்பி வேலியில் மோதிய இன்னொரு ஓட்டுநர் ருடிகர் இன்னும் நொண்டுகிறான். அதற்கும் சிரித்தார்கள். ஏவால்ட்தான் சிரிக்கவில்லை.

"இந்த இடம் போனா எனக்கு மறுபடியும் குண்டு விழுந்த இடிபாடு அள்ளுற லாரிதான். அதுக்காக ஒருத்தனைச் சாகடிப்பேனா?"

"உலக யுத்தம் முடிஞ்ச குளிர்காலத்துல ஒரு ரொட்டிக்கு என்னெல்லாம் செஞ்சோம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

ஏவால்ட் மறுபடி பாதையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. மாத்தெஸ் ஓடினான். ஏவால்ட் நின்ற இடத்திலேயே நின்றான். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்த மாத்தெஸ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப்போய் ஸ்ட்ரெச்சர் முன் நிறுத்தினான்.

"பாருடா! நீ செஞ்ச வேலையைப் பாரு!"

டெட்லெஃபுக்கு உயிர் இருந்தது. முகமெல்லாம் சேறு. வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தான்.

"அண்ணனை ஏன் பிடிக்கிறீங்க? அவர் பொய்க்கு ஏமாற நான் என்ன முட்டாளா? இறக்கத்துல வெள்ளைக் கல்லுக்கு முன்னாடியே பிரேக்கை மிதின்னாரு. என்னை மெதுவா ஓட வைக்கத்தான்னு உடனே புரிஞ்சுபோச்சு. கல்லைத் தாண்டித்தான் மிதிச்சேன்!"

மாத்தெஸின் பிடி தளர்ந்தது.

"நானும் அந்தக் கல்லுக்கு முன்னாடிதான்டா மிதிப்பேன்," என்றான் ஏவால்ட். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒருத்தன்கிட்ட நிஜத்தைச் சொன்னேன்."