சத்தம் போடாத சிட்டு

“கேஸ் நம்ம பக்கம்தான் சார். நிபுணர் பிளந்து கட்டிட்டார்!”

வக்கீல் நீட்டிய அறிக்கையை லிஃப்ட் மெக்கானிக் ஆவலோடு வாங்கினான். ஒரு சண்டைக்குப் பிறகு மனைவி சொல்லாமல் கொள்ளாமல் ஐந்து வயது மகள் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்துவிட்டாள். எட்டு மாதம் ஆயிற்று. மகளைத் திரும்ப அழைத்துப் போகத்தான் வழக்குப் போட்டுவிட்டு விமானம் ஏறி வந்திருக்கிறான்.

குழந்தை மனநல நிபுணர் சிட்டுவைக் காலை வேளைகளில் பார்த்திருக்கிறார். எதைக் கேட்டாலும் குசுகுசுவென்றுதான் பதில். ‘தாயின் அடக்குமுறையால் குரல் ஒடுங்கிய குழந்தை’ என்று எழுதியிருந்தார்.

அவன் அறிக்கையைப் பட்டென்று மூடினான். ஊரில் வீடே அதிரக் கத்துகிற குழந்தை அவள்!

“குழந்தையை மிரட்டியே வச்சிருக்கா, பாவி.”

“அவங்க தரப்பு நிபுணர் சாயங்காலமா போயிருக்காங்க. குழந்தை ஊரைக் கூட்டற மாதிரி பாடுதாம். ‘தாயிடம் துள்ளலோடு வளர்கிறது’ன்னு எழுதிட்டாங்க. ஃபீஸ் வாங்கினவங்க வேற எப்படி எழுதுவாங்க?”

“நம்ம ஆளும் வாங்கினார்தானே?”

“சார், அது வேற!”

மறுநாள் காலை நீதிமன்றத்தில் நீதிபதி அம்மாள் இரண்டு அறிக்கைகளையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டு பேரும் ஒரே குழந்தையைத்தானே பார்த்தீங்க?”

நிபுணர்கள் அன்றுதான் முதல் முறையாக ஒன்றுபோலத் தலையாட்டினார்கள்.

“சரி, அந்தக் குழந்தையையே கேட்டுடலாம்.”

தீர்ப்பு வரும்வரை அப்பாவைக் குழந்தையின் கண்ணில் காட்டக் கூடாது என்பது அம்மா தரப்பு நிபுணரின் யோசனை. அவன் கடைசி வரிசையில், வக்கீலின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான்.

சிட்டு வந்து, மைக்குக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏன் கண்ணு, காலையில மெதுவாவே பேசறியாமே? சத்தமா பேசினா யாராவது திட்டுவாங்களா?”

சிட்டு உதட்டில் விரலை வைத்தாள். அவள் குசுகுசுத்ததை மைக் கடைசி வரிசை வரை கொண்டுபோனது.

“இங்க காலைன்னா அப்பா ஊர்ல ராத்திரி. அப்பா பாவம், வேலை செஞ்சு களைச்சுப்போய்த் தூங்குவாங்க, சத்தம் போடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. சாயங்காலம் அப்பா எழுந்துடுவாங்க. அப்போ கத்தலாம்.”

இரண்டு நிபுணர்களும் தங்கள் காகிதங்களில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்கள்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. இத்தனை நாளாக அவளைப் பற்றி ஊரெல்லாம் பேசித் தீர்த்தது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான்.

சிட்டு திரும்பினாள். கண்கள் விரிந்தன. மறுகணம் ஜன்னல் கண்ணாடிகளெல்லாம் அதிர்ந்தன.

“அம்மா! அப்பா முழிச்சுட்டாங்க! இனிமே காலையிலயும் கத்தலாம்!”