நாற்பது நிமிடத் தாமதம்

ஜிலாங் நகரின் பல்கலைக்கழகப் பேருந்து அன்று தாமதம். பார்வையற்ற ஃப்ரேயா, வழிகாட்டி நாய் பெப்பருடன் ஏறியதும் வெடித்தாள்.

"நாப்பது நிமிஷம் லேட்! இன்னிக்கு எனக்கு முதல் கிளாஸ். உங்க பஸ்ஸை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

ஓட்டுநர் வாயே திறக்கவில்லை.

பெப்பரோ வழியெல்லாம் முனகியது. வாலால் தரையைப் படபடவென்று அடித்தது. ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும், ஓட்டுநரின் இருக்கையருகே படுத்துக்கொண்டு நகர மறுத்தது.

"ஏங்க, இவளுக்கு ஏதாச்சும் தின்னக் கொடுத்தீங்களா? வேலையில இருக்கிற நாயைத் தொடக்கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும்மா. என் குரலைக் கேட்டா உன் பேச்சைக் கேக்க மாட்டாளேன்னுதான் பேசாம வந்தேன்." அவர் குனிந்து பெப்பரைப் பார்த்தார். "இன்னும் ஒத்தைச் சாக்ஸைத் திருடி ஒளிச்சு வைக்கிறாளா?"

ஃப்ரேயா துள்ளினாள். "பயிற்சிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, குட்டியில ஒரு வருஷம் இவளை வளத்துக் கொடுத்தது... நீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் குனிந்து பெப்பரின் வழிகாட்டும் வேலைக்கான சேணப்பட்டையைக் கழற்றினாள்.

"இப்ப இவ டூட்டியில இல்ல. ஆசை தீரக் கொஞ்சிக்கோங்க!"

"உன் கிளாஸ் என்னம்மா ஆகும்?"

"நாப்பது நிமிஷம் உங்களால லேட்டு. இன்னும் அஞ்சு நிமிஷம் இவளால லேட்டாகட்டுமே!"