பதினாறு நட்டுகள்

“அந்த எலுமிச்சம்பழம் என்னப்பா தப்பு பண்ணித்து?”

ஆறு வயதில் அதிதி கேட்டது. வீட்டுக்கு முதல் ஸ்கூட்டர் வந்து, சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்கிய அன்று. நமக்கு வர இருப்பதை அது வாங்கிக்கொண்டுவிடும் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார் ஸ்ரீனிவாசராகவன்.

இருபது வருடம் கழித்து அந்தக் கேள்வி அவர் முன்னால் வந்து நின்றது.

பூஜை அறை வாசலில், கையில் வீல் ஸ்பானரோடு நின்றிருந்தார். ஸ்பானரின் வாயில் காலையில் வைத்த சந்தனம் கீறல்கூட இல்லாமல் இருந்தது.

அப்படியானால் பூஜைக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

காரின் நாலு சக்கரமும் கைவிரலால் சுற்றிவிட்ட நட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓட்டுவது அதிதி.

அப்பாவும் மகளும் பாதிப் பாதி போட்டு வாங்கிய பழைய கார் அது. சிவப்பு. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கிவிட்டு வானம் பார்த்துப் போகலாம். ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளை அது தின்றிருந்தது. பிரேக்கைப் பிரித்து மாற்றினார்கள். போன மாதம் புதுக் கேன்வாஸ் கூரை. இன்று காலை புது அலாய் சக்கரங்கள்.

சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகு காலம். கடைசிச் சக்கரம் ஏறும்போதே எட்டு ஐம்பது. ஸ்பானரோ ஏற்கெனவே பொட்டு வைத்துக்கொண்டு பெருமாள் முன்னால் உட்கார்ந்திருந்தது. பூஜையை முடித்துவிட்டு இறுக்கிக்கொள்ளலாம் என்று ஜாக்கியை இறக்கினார். பழம் வைத்து, கற்பூரம் காட்டி, காரை ஓரடி நகர்த்தினார். எல்லோரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட உள்ளே போனார்கள்.

பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருடம் நட்டு இறுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

ராகு காலம் கழிந்ததும் அதிதி மாமல்லபுரத்துக்குக் கிளம்பிவிட்டாள். அவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

மூன்று முறை போன் அடித்தார். எடுக்கவில்லை. கூரை மடக்கிய காரில் காற்று இரைகிற இரைச்சலுக்கு எந்த மணி கேட்கும்?

ஸ்பானரைக் காலடியில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

செங்கல்பட்டைத் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் முதலில் பள்ளத்தைப் பார்த்தார், அப்புறம்தான் சாலையை. ஓரிடத்தில் கூட்டம். பிரேக்கை மிதித்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெருமாளே, அந்தப் பழத்தோடு போகட்டும்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, இளநீர்க் கடை ஓரமாகச் சிவப்பாகத் தெரிந்தது. நாலு சக்கரமும் நேராக நின்றன.

“என்னை நம்பாம பின்னாலயே வந்துட்டேளாப்பா?” ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்து அதிதி சிரித்தாள்.

இளநீர் குடிக்கவேண்டும் போலிருந்தது என்றார். அவருக்கு ஒன்று வெட்டச் சொல்ல அவள் திரும்பினாள்.

அவர் தார்ச்சாலை ஓரத்தில் மண்டியிட்டார். முதல் நட்டில் ஸ்பானரை மாட்டி அழுத்தினார்.

அசையவில்லை.

அடுத்தது. அசையவில்லை. சக்கரத்துக்கு நாலு. பதினாறும் இறுகியிருந்தன, அவரே இறுக்கினாலும் அவ்வளவுதான் இறுக்கியிருப்பார்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு நட்டின் தலையிலும் வெள்ளையாக ஒரு விரல் தீற்றல். குழைத்து வைத்த திருநீறு.

அவர் வீட்டில் திருநீறு கிடையாது.

எதிர்வீட்டு ஆட்டோக்கார முனிசாமி எந்த நட்டை முடுக்கினாலும் அதற்கு ஒரு பொட்டுத் திருநீறு வைப்பார். “எது முடிஞ்சிது, எது பாக்கின்னு கொழப்பம் வராது பாரு சார்.” எத்தனையோ தடவை ஸ்ரீனிவாசராகவன் வாசலில் நின்று அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

காலையில்கூட, போட்டோவில் அசிங்கமாக விழுகிறது என்று, அந்த ஆட்டோவைத் தள்ளி நிறுத்தச் சொல்லியிருந்தார். மேல் ரெக்சின் கிழிந்து, ஃபிளெக்ஸ் பேனரைச் செருகிய ஆட்டோ. முனிசாமி தள்ளிக்கொண்டு போனார். போனவர் அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கவேண்டும். இவர்கள் உள்ளே பொங்கல் சாப்பிட்ட நேரத்தில் தன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்திருக்கவேண்டும்.

போன மாதம் முனிசாமி ஒன்று கேட்டிருந்தார். “அந்தப் பழைய டாப்ப இன்னா பண்ணப்போற சார்? நம்ம வண்டி ஒழுவிகினே கீது.” அது ஒரிஜினல், கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு, கழற்றிய கேன்வாஸை மடித்துப் பரணில் போட்டிருந்தார்.

அதிதி இளநீரை நீட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெயில் என்றார்.

அடுத்த பிரதோஷத்தன்று முனிசாமி வண்டி எடுக்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு சிவன் கோயிலுக்குப் போயிருந்தார். அதிதியும் வேலையிலிருந்து திரும்பவில்லை.

ஸ்ரீனிவாசராகவன் ஆட்டோவுக்குள் குனிந்து உட்கார்ந்து, பரணிலிருந்து இறக்கிய கறுப்புக் கேன்வாஸை வளைந்த ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். இரட்டைத் தையல். இரண்டு தடவை விரலில் குத்தியது. பேனரை உருவி எடுத்து மடித்து, இருக்கைக்கு அடியில் வைத்தார். ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

தெருவில் யாரும் இல்லை.

மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, கடைசி முடிச்சின் மேல் ஒரு துளி குங்குமம் வைத்தார்.

எது முடிந்தது, எது பாக்கி என்று குழப்பம் வரக்கூடாது.